மூன்றாவது ப்ளக்

சிங்காநல்லூரில் மூடிக் கிடக்கும் பஞ்சாலை ஒன்றின் பின்புறம் ஷகிலாவின் ஷெட் இருந்தது. பந்தயக் கார்களின் எஞ்சினை ட்யூன் செய்கிறவள். வயது நாற்பத்தொன்று. அவளிடம் தொழில் கற்க வந்த ரங்கசாமிக்கு ஐம்பத்தாறு. இருபத்தெட்டு வருடம் கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டியவர். மகள் மிருதுளா பந்தயம் ஓட்டக் கிளம்பிய பிறகு இங்கே வந்து சேர்ந்தார். அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கால் மைல் கார் ஓட்டம். மிருதுளாவுக்கு அது முதல் ஓட்டம். அவள் ஓட்டப்போகும் கார் இந்த ஷெட்டில்தான் நின்றது. ஏழு மாதமாக அவள் அந்த ஒரு நாளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

வியாழன் காலை ரங்கசாமி கேட்டார்.

"வாத்தியாரம்மா, நைட்ரஸ் போடறதுன்னா வெட்டுங்களா, டிரைங்களா?"

நைட்ரஸ் என்பது எரிபொருள் அல்ல, எரிவதைக் கூட்டி வேகம் தருகிற வாயு. அது உள்ளே போனால் கூடவே அதிகப் பெட்ரோலும் போக வேண்டும். போகாவிட்டால் பிஸ்டன் உருகிவிடும். வெட் கிட்டில் வாயுவும் பெட்ரோலும் ஒரே முனையில் சேர்ந்து வரும். டிரை கிட்டில் வாயு மட்டும் வரும். சிலிண்டருக்கு ஒன்றாக எஞ்சினில் பெட்ரோல் பீய்ச்சுகிற இஞ்செக்டர்களே பெட்ரோலைக் கூட்டித் தர வேண்டும்.

"ஒண்ணு, சோறு கட்டிக்கிட்டு வர்ற விருந்தாளி. இன்னொண்ணு, வெறுங்கையோட வர்ற விருந்தாளி. அப்படித்தானுங்களே?" என்றார் ரங்கசாமி.

ஷகிலா சிரித்தாள். "ப்ளக்கைக் கழட்டிட்டு வாங்கண்ணா."

அரை மணி நேரம் கழித்து நான்கு ஸ்பார்க் ப்ளக்கையும் தட்டில் வரிசையாக வைத்துக் கொண்டுவந்தார். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பெட்ரோல் துணியால் துடைத்திருந்தார். நகைக்கடையில் எடுத்துக் காட்டுவதுபோல் நான்கும் மின்னின.

ஷகிலா ப்ளக்கைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"காய்ச்சலா இருக்கான்னு பாக்கக் கூப்பிட்டேன். நீங்க பவுடர் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

"அழுக்கா இருந்துச்சுங்க."

"அழுக்கைத்தானே பாக்கணும்?"

ரங்கசாமி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை மறுபடி கேட்டார். இரவெல்லாம் செல்போனில் படித்திருந்தார்.

"வெட்டுன்னா பெட்ரோல் குழாய் வளைவுல தேங்கி வெடிச்சுருமாமுங்க. டிரைன்னா பெட்ரோல் பத்தாமப் பிஸ்டன் போயிருமாமுங்க. ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் அதையே மாட்டீர்றேன்."

"வண்டியை எடுங்கண்ணா."

பஞ்சாலைக்குள் நேரான சாலை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அதில் பஞ்சு லாரிகள் போய்வந்தன. இப்போது வாட்ச்மேனும் இரண்டு நாய்களும்தான். ஷகிலா ஓட்டினாள். ரங்கசாமி பக்கத்தில் உட்கார்ந்தார். கோடிவரை முழுவேகத்தில் மிதித்தவள், மிதித்தபடியே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். கார் சத்தமில்லாமல் உருண்டு, வேப்பமரத்தடியில் நின்றது.

"இப்பக் கழட்டுங்க. ஓடுனப்ப எரிஞ்ச நிறம் அதுல அப்படியே இருக்கும், துடைக்க வேண்டாம்."

சூடு ஆறும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றாகக் கழற்றி பானெட்டின் விளிம்பில் வைத்தார். முதல் ப்ளக் பிஸ்கட் நிறம், சரியாக எரிந்ததன் அடையாளம். இரண்டாவதும் அப்படியே. நான்காவதும். மூன்றாவது மட்டும் எலும்புபோல் வெளுத்திருந்தது. அதன்மேல் மிளகுப்பொடி தூவியதுபோல் சில புள்ளிகள்.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது சிலிண்டருக்குப் பெட்ரோல் போதவில்லை. நைட்ரஸ் இல்லாதபோதே போதவில்லை.

"நேத்து எதை ரொம்ப நேரம் தேச்சீங்கண்ணா?"

வேப்பம்பூ ஒன்று பானெட்டில் விழுந்தது. ரங்கசாமி அதைச் சுண்டிவிட்டார்.

"மூணாவதைங்க," என்றார் கடைசியில்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் அவர் விடவில்லை.

"வெட் கிட்டுன்னா பெட்ரோலை அதுவே கொண்டு வந்துருதுங்களே. மூணாவதுக்கும் ஒரு பங்கு போயிருமில்லைங்களா?"

ஷகிலா அலமாரியிலிருந்து பழைய மேனிஃபோல்டு ஒன்றை எடுத்தாள். நான்கு சிலிண்டருக்கும் காற்றைப் பிரித்துவிடுகிற நான்கு கால் குழாய். அடியில் நான்கு டீ கிளாஸ்களை வைத்து, மேல்வாயில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். முதல் கிளாஸ் நிரம்பி வழிந்தது. இரண்டாவது முக்கால். மூன்றாவது பாதி. நான்காவதில் அடி மட்டும் நனைந்திருந்தது.

"நாலாவதுல இல்லைங்களே."

அவள் கிளாஸ்களைக் காலி செய்துவிட்டு மறுபடி ஊற்றினாள். இந்த முறை இரண்டாவதில் இல்லை.

"இது காத்துக்குன்னு செஞ்ச குழாய்ங்கண்ணா. ஈரம் உள்ள வந்தா அது இஷ்டத்துக்குத்தான் போகும். யாருக்குக் கிடைக்கும்னு நான் எப்படிச் சொல்றது?"

"அப்ப டிரை?"

"பெட்ரோல் குடுக்க வேண்டியது அந்த மூணாவது இஞ்செக்டர்தானே?"

ரங்கசாமி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சரி பண்ண எத்தனை நாளுங்க?"

"புது இஞ்செக்டர் வரணும். உள்ள பிஸ்டன் எப்படி இருக்குன்னு பாக்கணும். பத்து நாள்."

"நாளன்னைக்கு ஓட்டமுங்க."

"ஆமா."

"கேஸைக் கொஞ்சமா விட்டா? ஒரே ஒரு தடவை?"

ஷகிலா கிளாஸ்களைக் கழுவப் போனாள்.

சாயங்காலம் வேலை முடிந்து மிருதுளா ஸ்கூட்டரில் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, ஆபீஸ்ல பன்னெண்டு பேரு வர்றாங்க பாக்க! எனக்கு மதியச் சோறே இறங்கலை. சரி, என்ன முடிவு பண்ணுனீங்க, வெட்டா டிரையா?"

ரங்கசாமி எழுந்து நின்றார். மூன்றாவது ப்ளக் அவருடைய உள்ளங்கையில் இருந்தது. மகளின் முகத்தைப் பார்த்தார். அப்படியொரு வெளிச்சத்தை அவர் அந்த முகத்தில் அவளுடைய சின்ன வயதில்தான் பார்த்திருக்கிறார்.

"என்னப்பா கையில?"

அவருடைய இன்னொரு கை, பழக்கத்தில், தோளில் கிடந்த துணிக்குப் போயிற்று.

ஷகிலா பக்கத்தில் வந்து கையை நீட்டினாள்.

"அந்தத் துணியை எங்கிட்டக் குடுங்கண்ணா."