ராக்கு ஜாடியும் இரண்டு டம்ளர் டீயும்

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்துகொண்டேதான் தெய்வானை ஆரம்பித்தாள்.

"டீச்சர், நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். இதுவும் பச்சையாப் போச்சு."

ஜெசிந்தா ஜாடியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். டீச்சருக்குத் தெய்வானையின் மகள் வயதுதான் இருக்கும். புதுச்சேரிக்கு வெளியே, முந்திரித் தோப்பு ஓரம் அவளுடைய பட்டறை. ஜப்பான்காரர்களின் ராக்கு முறையில் ஜாடி செய்வதில் பெயர் எடுத்தவள்.

அந்த முறையில் ஜாடியைச் சூளைக்குள் ஆறவிடுவதில்லை. தணலாய்ச் சிவந்திருக்கும்போதே இடுக்கியால் எடுத்து, மரத்தூள் போட்ட தகர டின்னில் வைத்து மூட வேண்டும். உள்ளே புகை மண்டி, மேல்பூச்சு செம்பாய் மின்னும். சூடு ஆறுமுன் காற்றுப் பட்டால் செம்பு நிறம் போய்ப் பச்சை நிறம்தான் மிஞ்சும்.

"மூடியைத் தொறந்தீங்களாக்கா?"

"தொறக்கல. உடைஞ்சிருக்கான்னு லேசாத் தூக்கித்தான் பார்த்தேன்."

"எத்தனை தடவை?"

தெய்வானை சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

ஜாடி, கோவையில் வேலைக்குச் சேர்ந்த மகள் சுகந்திக்கு. சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா என்று ஓயாமல் போன் போட்டதில், நானே கூப்பிடுகிறேன், அதுவரை கூப்பிடாதே என்று மகள் சொல்லிவிட்டாள். ஒரு வாரமாகிறது. போன் வரவில்லை. ஜாடியாவது அழகாய் அமைந்தால் அவள் கோபம் தணியுமென்று தெய்வானை நம்பியிருந்தாள்.

இதையெல்லாம் சொல்லி அழுதே விட்டாள்.

ஜெசிந்தா இடுக்கியைக் கையில் எடுத்தாள். தெய்வானை செய்திருந்த இன்னொரு ஜாடியைச் சூளையிலிருந்து எடுத்து, டின்னில் வைத்து மூடினாள்.

சற்று நேரத்தில், சூடு தாங்கும் கையுறை மாட்டிய தெய்வானையின் கை மெல்ல மூடிப் பக்கம் நகர்ந்தது.

ஜெசிந்தா அந்த உறைகளைக் கழற்றினாள். இரண்டு டம்ளரில் விளிம்புவரை டீ ஊற்றி, கைக்கு ஒன்றாய்க் கொடுத்தாள்.

"நான் வர்ற வரைக்கும் புடிச்சுக்குங்கக்கா. ஒரு சொட்டு சிந்தக் கூடாது."

"ரெண்டும் எனக்கா?"

"ஒண்ணு எனக்கு. ஆறினாப் பரவாயில்ல."

டீயில் ஆடை படர்ந்தது. தோள் வலித்தது. தெய்வானை அசையவில்லை.

டீச்சர் வந்து மூடியைத் திறந்தாள். சாம்பலுக்குள் ஜாடி செம்பாய் மின்னியது.

"இப்ப என்ன செய்யணும் டீச்சர்?"

"டீயக் குடிங்க."

அன்று சாயங்காலம் வீட்டில், ஜாடி மேசைமேல் இருந்தது. பக்கத்தில் போன். மகள் ஆபீஸ் முடிந்து வந்திருக்கும் நேரம். கை தானாகப் போன் பக்கம் போனது.

தெய்வானை எழுந்துபோய் டீ போட்டாள். இரண்டு டம்ளரிலும் விளிம்புவரை ஊற்றினாள். கைக்கு ஒன்றாய்ப் பிடித்துக்கொண்டு, போனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.