கடல் சொன்ன தீர்ப்பு

ஆமாம், அதே ராஜாதான். "கடைசித் தீர்ப்பு வந்த வழக்கை மட்டுமே நான் கேட்பேன், நடுவில் போட்ட உத்தரவை எவனும் என் வாசலுக்குத் தூக்கி வரக்கூடாது" என்று சட்டம் போட்டவர். எந்தக் காலம், எந்த நாடு என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. அந்தச் சட்டத்தில் மாட்டி ஒரு ஓடக்காரர் சாகக் கிடந்தார். அது மட்டும் தெரியும்.

அவர் பெயர் கருத்தாண்டி. அவருடைய ஓடத்தையும் துறையையும் ஒருவன் பிடுங்கிக்கொண்டு, "இவன்தான் என் ஓடத்தைத் திருடினான்" என்று அவர் மேலேயே வழக்கும் போட்டான். பிடுங்கியவன் லேசுப்பட்டவன் இல்லை. அரண்மனையில் உத்தரவு ஓலைகளை எல்லாம் எழுதி முத்திரை குத்தும் ஓலைநாயகம் கேசவ உடையாரின் மச்சான். வழக்கு முடியும்வரை ஓடம் மச்சானிடம், ஓடக்காரர் விலங்கில். இது முதல் உத்தரவு.

வழக்கு முடிந்தால் மச்சான் தோற்பான். அதனால் உடையார் வழக்கை முடியவே விடவில்லை. தீர்ப்பு நாள் நெருங்கும்போதெல்லாம் வேறு ஊர் நீதிமன்றத்துக்கு மாற்றி ஓலை எழுதினார். அந்த நாட்டு வழக்கப்படி, வழக்கு எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊருக்குக் கைதியும் நடக்க வேண்டும். புது நீதிபதி முதலிலிருந்து விசாரிக்க வேண்டும். இரண்டு வருடத்தில் ஆறு ஊர். விலங்கு உரசி உரசிக் கருத்தாண்டியின் வலது கணுக்கால் அழுகிவிட்டது. பின்னாலேயே நடந்தவள் மனைவி பேராச்சி.

ஏழாவது ஓலை வந்த அன்று அவள் நேராக விகடகவி பூதலிங்கத்தின் வீட்டுக்குப் போனாள். அரசவையில் ராஜாவைச் சிரிக்க வைப்பது அவர் வேலை.

"சாமி, இந்தவாட்டி சிப்பிச்சேரிக்கு மாத்திட்டாங்க."

பூதலிங்கம் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "சிப்பிச்சேரியா? அந்த ஊர்தான் கடலுக்குள்ள போயிடுச்சேம்மா!"

"அதான் சொல்லுதேன். நீதிபதியே இல்லாத ஊர்ல எவன் தீர்ப்பு சொல்லுவான்? எம் புருசன் கடைசிவரைக்கும் விலங்குலயே கெடந்து சாவ வேண்டியதுதானா?"

ஊரைக் கடல் கொண்டது எல்லாருக்கும் தெரியும், ராஜாவைத் தவிர. தினமும் காலையில் அவருடைய அறுபத்து நான்கு ஊர்களையும் பெயர் சொல்லிப் புகழ்ந்து பாடுவார்கள். அறுபத்து மூன்று என்று பாடப் புலவருக்குத் தைரியம் இல்லை, எடுத்துச் சொல்ல அமைச்சருக்கும் தைரியம் இல்லை. போன முறை கெட்ட சேதி கொண்டுவந்த தூதன் இன்னும் சிறையில் இருந்தான்.

பூதலிங்கம் அவையில் வழக்கைச் சொல்ல வாய் திறந்ததுமே ராஜா கையமர்த்தினார்.

"தீர்ப்பு வந்ததா?"

"இல்லை மகாராஜா. ஊர் மாற்றிய உத்தரவு..."

"அது நடுவில் போட்ட உத்தரவு. கேட்க மாட்டேன்."

உடையார் எழுந்து கும்பிட்டார். "மகாராஜா, விகடகவிக்குச் சட்டமும் ஒரு விளையாட்டு. அவ்வளவு அக்கறை என்றால் சிப்பிச்சேரி நீதிபதியின் தீர்ப்பை அவரே வாங்கி வரட்டுமே!"

"நல்லது," என்றார் ராஜா. "பூதலிங்கம், சிப்பிச்சேரி நீதிபதியின் ஆசனத்திலிருந்து வருவது எதுவோ அதைக் கொண்டு வா. மூன்று நாள். வராவிட்டால் ஓடக்காரனோடு நீயும் விலங்கில் நட."

வெளியே வரும்போது உடையார் காதோரம் குனிந்தார். "நீச்சல் தெரியுமா ஓய்?"

மூன்றாம் நாள் பூதலிங்கம் ஒரு மண்குடத்தோடு வந்தார். வேட்டி முழுக்க உப்புப் பூத்திருந்தது.

"இது என்ன?"

"சிப்பிச்சேரி நீதிபதியின் ஆசனத்திலிருந்து வந்தது, மகாராஜா. மீனவர் ஓடத்தில் போனேன். நீதிமன்றக் கூரைக் கலசம் மட்டும் வெளியே தெரிந்தது. ஆசனம் இருந்த இடத்தில் கயிறு கட்டிக் குடத்தை இறக்கி மொண்டேன்."

ராஜா ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். உடனே துப்பினார்.

"பொய்!" உடையார் துள்ளினார். "கடல் தண்ணீரை எந்தக் கரையிலும் மொள்ளலாம், மகாராஜா!"

"சரி, நான் பொய்யன். ஐயா மெய்யர்," என்றார் பூதலிங்கம். "அவரே போகட்டும். இன்றைக்கே சிப்பிச்சேரித் தெருவில் நடந்து, நீதிபதி கையால் ஓலை வாங்கி வரட்டும்."

ராஜா திரும்பினார். "போய் வாரும் உடையாரே."

உடையார் அசையவில்லை.

"ஏன் நிற்கிறீர்?"

"மகாராஜா... ஊர்... ஊரைக் கடல் கொண்டு இரண்டு வருடம் ஆகிறது."

ராஜா குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"எத்தனை வீடு?"

"நாற்பது, மகாராஜா."

"இன்று காலையிலும் அந்தப் பெயரைப் பாடினார்களே," என்றார் ராஜா, யாரிடமும் இல்லாமல்.

பூதலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "மகாராஜா, நடுவில் போட்ட உத்தரவு என்றால் அதற்குப் பின்னால் ஏதாவது வரவேண்டும் அல்லவா? தண்ணீருக்குள் அனுப்பிய வழக்கில் இனி யார் எதைச் சொல்வார்? பின்னால் எதுவுமே வராத உத்தரவு கடைசி உத்தரவுதானே? வந்துவிட்டது. கேளுங்கள்."

அப்போதுதான் ராஜா சிரித்தார். இருமல் மாதிரி ஒரு சிரிப்பு. கூடச் சிரிக்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

வழக்கு அரை நாழிகையில் முடிந்தது. ஓடம் கருத்தாண்டியுடையது, விலங்கைக் கழற்றுங்கள். அவ்வளவுதான்! இரண்டு வருடம் இழுத்தது இதற்குத்தான். உடையாரை, விசாரணை முடியும்வரை காவலில் வைக்கச் சொன்னார் ராஜா.

"மகாராஜா, இந்த உத்தரவின் மேல் ஒரு முறையீடு..." என்று இழுத்தார் உடையார்.

"தீர்ப்பு வரட்டும், கேட்கிறேன்."

பிறகு தன் மாணிக்க மோதிரத்தைக் கழற்றி நீட்டினார். பூதலிங்கம் வாங்கவில்லை. "மோதிரம் வேண்டாம் மகாராஜா. ஒருவன் உயிரைத் தின்னும் உத்தரவை மட்டுமாவது நடுவிலேயே கேட்பேன் என்று சட்டத்தை மாற்றுங்கள்."

"மாற்ற மாட்டேன்," என்றார் ராஜா. "என் பாட்டனார் எல்லா உத்தரவையும் கேட்டார். ஒரு பலாமரத்து வழக்கு பத்தொன்பது முறை அவையேறியது. வழக்குப் போட்ட இருவரும் செத்தார்கள், மரமும் பட்டுப்போனது, தீர்ப்பு வரவில்லை. எல்லாருமே உயிர் போகிறது என்றுதான் வருவார்கள், பூதலிங்கம். எவன் உயிர் நிஜமாகப் போகிறது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

பூதலிங்கம் கையை நீட்டினார். மோதிரத்தை வாங்கிக்கொண்டார்.

கருத்தாண்டியைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். வைத்தியர் அழுகிய பாதத்தை வெட்டி எடுத்துவிட்டார். இனி அவரால் ஓடத்தில் நின்று கோல் ஊன்ற முடியாது. துறையில் பேராச்சிதான் கோலை எடுத்தாள்.

"எல்லாம் கெடைச்சிருச்சுல்ல புள்ள?" என்றார் அவர், ஓடத்தில் சாய்ந்து கிடந்தபடி.

"ம்," என்றாள் அவள். கோலை ஊன்றினாள்.

நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ராஜா சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை, சரி என்று சொல்லவும் மனசு வரவில்லை. கதவைத் திறந்து வைத்தால் எந்த வழக்கும் முடியாது, மூடி வைத்தால் உள்ளே ஒரு மனுஷன் அழுகுகிறான். அந்த நாற்காலியில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள், சொல்லுங்களேன்?