ஜமீன்தார் கனவில் வந்த கூஜா

சத்தியம்! கற்பூரம் இல்லாவிட்டால் இந்தப் பீடியை அணைத்தாவது சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

எங்கள் ஜமீன்தார் வல்லபராயர் விடியற்காலையில் ஒரு கனவு கண்டார். மேகத்துக்குள்ளிருந்து ஒரு மண் கூஜா மிதந்து வந்து, அவருக்குத் தேநீர் ஊற்றிவிட்டுப் போனதாம். எழுந்ததும், மண்பாண்டம் செய்யும் செம்பாயியைக் கூப்பிட்டார்.

“அதே கூஜா வேண்டும். இல்லையென்றால், கூஜாவைச் செய்த கை இந்த ஊரில் இருக்கக் கூடாது!”

“அது எப்படி இருந்தது, எஜமான்?”

“என்னையே கேள்வி கேட்கிறாயா, கழுதை?”

செம்பாயி கையாலேயே ஒரு கூஜா செய்து, சூளையில் வைக்காமல் ஈரத்தோடு கொண்டுவந்தாள். ஊரே கூடிவிட்டது.

“இது இல்லை!” என்றார் ஜமீன்தார்.

“மூக்கு சரியில்லையா, எஜமான்?”

“மூக்கு மேகத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. இப்படி!” என்று அவரே வளைத்தார். வயிற்றை உள்ளிருந்து உப்ப வைத்தார். மறுபடி கனவுக்குள் போனவர்போலக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பிடியைப் பிய்த்து வேறு இடத்தில் ஒட்டினார். முழங்கை வரை சேறு. கூஜா, மழையில் நனைந்த கோழி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

செம்பாயி கும்பிட்டாள். “இதில் இப்போது இருப்பதெல்லாம் உங்கள் விரல் தடம்தான், எஜமான். அதே கூஜாதானா? இல்லையென்றால், செய்த கை...”

ஜமீன்தார் சேறு பூசிய தன் கைகளைப் பார்த்தார்.

“அதே... அதேதான்!”

அவளும் சுட்டுக் கொடுத்தாள். அதில் ஊற்றிய தேநீரெல்லாம் அவர் மடியில்தான் விழுந்தது. “கனவிலும் இப்படித்தான்” என்பார்.

தம்பி, யார் சொன்னது என்று கேட்டால் வாயைத் திறக்காதே. அவர் பேரன் வீட்டில்தான் நான் குடியிருக்கிறேன்.