ஒரு கிராமம் வாங்கிய ஒற்றை ரூபாய்

பொன்னேரிக்கோட்டை சமஸ்தானத்து ராஜா குமாரபூபதிக்கு நாட்டை ஆளத் தெரியாது. ஆனால் நோட்டைத் திருப்பி நம்பர் பார்க்க நன்றாகத் தெரியும். சமஸ்தானத்தில் ரூபாய் நோட்டு அச்சடிக்க ஆரம்பித்த நாளிலிருந்தே அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. படிக்கட்டு மாதிரி ஏறுகிற நம்பர், எந்தப் பக்கமிருந்து படித்தாலும் மாறாத நம்பர், ஒரே எண்ணாக வருகிற நம்பர், எல்லாம் வெள்ளிப் பெட்டிகளில் பட்டுத்துணி மேல் படுத்திருந்தன. ராணியம்மாவுக்குக்கூட அப்படி ஒரு படுக்கை கிடையாது.

பொக்கிஷ மந்திரி வேங்கிடராயர் சும்மா இருப்பாரா? "மகாராஜா, நம்பரைக் கூட்டிக்கொண்டே போய்க் கடைசியில் எட்டு வந்தால், அது சனீஸ்வரன் நோட்டு. நம் பொக்கிஷத்தோடு அது ஒரே கூரைக்குக் கீழே இருக்கலாமா?" என்று ஓதினார்.

ராஜா நடுங்கிப் போனார். உடனே கட்டளை பிறந்தது. சனி நோட்டு எதுவும் கோட்டை வாசலைத் தாண்டக் கூடாது. எவன் உள்ளே கொண்டுவந்தாலும் இருபது கசையடி. அப்படியானால் உள்ளே ஏற்கெனவே இருக்கிற சனி நோட்டெல்லாம்? அதுதான் அரண்மனை வேலைக்காரர்களுக்குச் சம்பளம்! சனியைத் தள்ளிவிட ஏழையை விட்டால் வேறு யார் அகப்படுவார்கள்?

அடுத்த வாரமே மந்திரி மேளதாளத்தோடு ஒரு தாம்பாளம் கொண்டுவந்தார். அதில் ஒரு ரூபாய் நோட்டு. நம்பர் 77777. ராஜா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பதிலுக்கு ஒரு கிராமத்தையே எழுதிக் கொடுத்துவிட்டார்.

ராஜாவைச் சிரிக்க வைத்துப் பிழைத்து வந்த ஆவுடையப்பனுக்கும் அந்த மாதச் சம்பளம் முழுக்கச் சனி நோட்டுதான். அரிசி வாங்கப் போன அவன் பெண்டாட்டி கோமு வெறும் கூடையோடு திரும்பி வந்தாள்.

"என்னங்க, செட்டியார் அரிசி தரமாட்டேங்கிறார். நோட்டை விரல் விட்டுக் கூட்டிப் பாத்துட்டு, சூடு பட்ட மாதிரி கீழே போட்டுட்டார்."

"என்ன சொன்னார்?"

"அரண்மனைக்கே ஆகாதது என் கல்லாவுக்கு மட்டும் ஆகுமாங்கிறார். குதிரைக்காரர் வீட்டுல அடுப்பே எரியல. பிள்ளைங்க அழுறது இங்க வரைக்கும் கேக்குது. நீங்க ராஜாவைச் சிரிக்க வெச்சு என்ன பிரயோஜனம்? ஒரு தடவையாவது முழிக்க வெச்சுட்டு வாங்க!"

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். கோட்டை வாசலில் ஒரு கீரைக்காரியின் முந்தானை முடிச்சிலிருந்த ஒரே நோட்டை நாலு காவலர்கள் சேர்ந்து கூட்டிக்கொண்டிருந்தார்கள். அதை நின்று பார்த்துவிட்டு உள்ளே போனான்.

"மகாராஜா, பசி தாங்கவில்லை."

"போய்ச் சாப்பிட வேண்டியதுதானே?"

"இது கண்ணுக்குப் பசி. அந்த அஞ்சு ஏழு நோட்டை ஒரு தடவை பார்த்தால் தீர்ந்துவிடும்."

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். தானே போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, மடியில் வைத்துத் திறந்து காட்டினார்.

"அடேயப்பா! யார் கொண்டுவந்தது இதை?"

"அடியேன்தான்!" என்று பக்கத்தில் நின்ற மந்திரி நெஞ்சை நிமிர்த்தினார். "இந்தக் கையால்!"

"கோட்டை வாசல் வழியாகவா?"

"பின்னே, கொல்லைப்புறமாகவா? மேளதாளத்தோடு வந்தேன்!"

"வாசலில் இதைக் கூட்டிப் பார்த்தார்களா?"

ராஜாவுக்கு மூக்கு சிவந்தது. "எனக்கு வருகிற நோட்டையா? எவனுக்கடா அந்தத் தைரியம்?"

"அதுவும் சரிதான். கூட்டுவதற்குத்தான் கீரைக்காரி நோட்டு இருக்கிறதே! எனக்குக் கணக்கு வராது மகாராஜா. அஞ்சு ஏழு எவ்வளவு?"

"முப்பத்தைந்து. இதுகூடத் தெரியாதா?"

"மூணும் அஞ்சும்?"

ராஜா விரல் விட்டு எண்ணி எட்டாவது விரலுக்கு வந்தார். மடியில் தேள் விழுந்த மாதிரி துள்ளி எழுந்தார். பெட்டி உருண்டது. நோட்டு பறந்து போய் மந்திரியின் காலடியில் விழுந்தது.

"கசையை எடுத்து வா!" என்று கத்தினார் ராஜா.

மந்திரி தடாலென்று காலில் விழுந்தார். "மகாராஜா! அது வெறும் நம்பர்! காகிதத்தில் மை! அதில் சனியாவது, குருவாவது! எல்லாம் சும்மா!"

ஆவுடையப்பன் குனிந்து அவர் காதருகே சொன்னான்: "இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் மந்திரியாரே. செட்டியார் கடை வரைக்கும் கேட்க வேண்டும்."

ராஜா ஒரு கணம் முழித்தார். மந்திரியைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "கசையா, தமுக்கா? நீரே சொல்லும்!"

மந்திரி தமுக்கை எடுத்துக்கொண்டார். தெருத் தெருவாக அவரே அடித்துக்கொண்டு, "வெறும் நம்பர்தான்! வெறும் நம்பர்தான்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனார். கிராமமும் கையை விட்டுப் போயிற்று. அதன் நெல் இனிமேல் அரண்மனை வேலைக்காரர்களுக்கு என்று ஆயிற்று.

ஆவுடையப்பனுக்கு ராஜா கொடுத்த பரிசு என்ன தெரியுமா? அந்த 77777 நோட்டுதான். சிரித்தாரே தவிர பயம் போகவில்லை. ஒரு குச்சியால் தள்ளித்தான் கொடுத்தார்.

கோமு அதை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். செட்டியார் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மாடி! ஒரு கிராமத்தையே வாங்கின நோட்டா இது?"

"அதேதான். இதுக்கு எவ்வளவு அரிசி தருவீங்க?"

"ஒரு ரூபாய்க்கு" என்று சொல்லி, செட்டியார் படியைத் தலைதட்டி அளந்தார்.