கிளம்பாத காரும் கிளம்பிய சீடரும்

“அம்மா, நான் ஊருக்குப் போறேன்” என்றார் குத்தாலிங்கம். தோளில் பை தொங்கியது.

குரு பேராச்சியம்மா திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“ஏன் அண்ணாச்சி, சாப்பாடு சரியில்லையா?”

“சாப்பாட்டுக்கா வந்தேன்? விடியுமுன்ன எந்திரிக்கேன். பச்சைத்தண்ணியில குளிக்கேன். யாரோடயும் பேச்சு வச்சுக்கிடுறதில்ல. ஜன்னலைக்கூடச் சாத்திட்டுத்தான் தியானத்துல உக்காருதேன். மத்தவங்க சிரிச்சுப் பேசிக்கிட்டே உங்ககிட்ட ஏதோ வாங்கிட்டுப் போறாங்க. எனக்கு ஒரு சொட்டு இறங்கல. உங்ககிட்ட இல்லையா, எனக்குக் குடுக்க மனசில்லையா?”

மலையடிவாரத்து அந்தச் சின்ன மடத்தில் குருவிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. குத்தாலிங்கம் பாதி ஆயுளை மெக்கானிக்காகக் கழித்தவர், அம்மாவைவிட மூத்தவர், பூசி மெழுகிப் பேசத் தெரியாதவர். கேட்டுவிட்டாரே தவிர, அவருக்குப் போக ஆசையில்லை. இருந்து என்ன பயன் என்பதுதான் தெரியவில்லை.

“சரி, போங்க” என்றார் அம்மா. “போறதுக்கு முன்ன நம்ம காரைக் கிளப்பிக் குடுத்துட்டுப் போங்க. ஆயுத பூசை முடிஞ்சதுல இருந்து மக்கர் பண்ணுது.”

மடத்துக் கார் கிழடு. ஆனாலும் பூசைக்கு அதைக் கல்யாணப் பெண்ணாக்கியிருந்தார் குத்தாலிங்கம். விளக்கு, கதவு, கைப்பிடி, கண்ணில் பட்ட இடமெல்லாம் கெட்டிச் சந்தனமும் குங்குமமும். மற்றவர்கள் ஒரு பொட்டு வைக்க வந்தபோது, “உங்களுக்கு வைக்கத் தெரியாது” என்று விரட்டிவிட்டு ஒற்றை ஆளாய் அப்பியிருந்தார்.

பையைப் பின் சீட்டில் எறிந்தார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் கரகரவென்று சுற்றியது, பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பொறி நன்றாகவே அடித்தது.

“கரண்டு இருக்கு. பெட்ரோல்தான் வரல.”

பில்டரைக் கழற்றி ஊதினார். சுத்தமாக இருந்தது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி மாட்டினார். டேங்கிலிருந்து வரும் குழாயை உருவிப் பார்த்தார். பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வந்து நின்றுபோனது. குழாயைத் திரும்பச் செருகினார். வெயில் ஏறியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அதுபோல இந்தக் காரை மடத்துக்குக் கொடுத்தவனின் பரம்பரையையே வைதார்.

“டேங்க்ல இருக்கா?” என்று கேட்டார் அம்மா.

“தளும்பத் தளும்ப இருக்கு. நானே ஊத்தினேன்.”

“எதுக்கும் பாருங்க.”

குருவாகவே இருந்தாலும் ஒரு மெக்கானிக்கிடம் இப்படியா கேட்பது? மூடியைத் திறந்து குச்சியை விட்டு, நனைந்த குச்சியை அம்மாவுக்குக் காட்டி, மூடியை இறுக்கிவிட்டு வந்தார். சாவியைத் திருப்பினார்.

கார் கிளம்பிவிட்டது.

குத்தாலிங்கத்துக்கு முகமெல்லாம் பல். மலைக்கோயில் வரை ஓட்டிப்போய்த் திரும்பினார். மடத்து வாசலில் நுழையும்போது இழுத்து இழுத்து நின்றது. அப்புறம் என்ன திருப்பியும் அசையவில்லை.

“பாத்தீங்களா? டேங்க் நிறைய இருக்கு. ஒரு சொட்டு இறங்கமாட்டேங்குது!”

“காலையில என்னையும் இப்படித்தான் வைதீங்க” என்று சிரித்தார் அம்மா. “சரி, அது எப்ப அண்ணாச்சி ஓடுச்சு?”

“நான் மூடியைத் திறந்து...”

காரின் பின்பக்கம் போனார். மூடியை மெல்லத் திருகினார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

அந்த மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவு ஒரு துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகத்தான் டேங்குக்குள் காற்று போகவேண்டும். அதன்மேல் அவர் வைத்த சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது. சற்றுமுன் திறந்தபோதுகூடப் பொட்டு கலையாதபடி விளிம்பைப் பிடித்துத் திறந்தவர் அவர்.

“காத்து உள்ள போகாம பெட்ரோல் எப்படிம்மா இறங்கும்?” குரல் தணிந்திருந்தது.

“எனக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்? யாரு அடைச்சாங்களாம்?”

“நான்தான். ரொம்பப் பக்தியா அடைச்சிருக்கேன்.”

ஒரு ஊக்கால் துளையைச் சுரண்டினார். இந்த முறை கிளம்பிய கார் நிற்கவேயில்லை.

அம்மா கீரைத்தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். “பஸ்ஸுக்கு நேரமாகுதே அண்ணாச்சி.”

குத்தாலிங்கம் காரை நிறுத்திச் சாவியை அம்மாவிடம் கொடுத்தார். பையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். ஜன்னல் கொண்டி துருப்பிடித்திருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

வெளிச்சமும் தாளித்த வாசனையும் அடுக்களைச் சிரிப்பும் ஒன்றாக உள்ளே வந்தன. அவருக்கு மனசு லேசானது.

எதிரே அடுக்களையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. “அடடே, அங்க ஒரு ஜன்னல் இருக்கா? அண்ணாச்சி, சாப்பிட வாரீங்களா?”

“வாரேன்” என்றார் குத்தாலிங்கம்.