ஒரு பொன்னாடை, மூன்று தோள்

மூன்று ஊர் குடிக்கும் ஏரியை ஆகாயத்தாமரை மூடிவிட்டது. குழாயில் வெறும் காற்றுதான் வந்தது. பாசன அதிகாரி, நகராட்சித் தலைவர், மில் முதலாளி மூவரும் கலெக்டர் கூட்டிய ஏழாவது கூட்டத்திலும், "ஏரி எங்க பொறுப்பில்லை" என்றே சாதித்தார்கள்.

டீ கொண்டுவந்த மாடத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலெக்டர் சீறினார். "சிரிக்கிறியா? டீ ஆறுறதுக்குள்ள நீயே இவங்களை ஒத்துக்க வை, பார்ப்போம்!"

மாடத்தி அலமாரியிலிருந்த பொன்னாடையை எடுத்து உதறினாள். "ஏரியைப் பாத்துக்கிடுதவங்களுக்கு இதைப் போத்திருவோம்யா. போட்டோக்காரரும் வந்திருக்காரு. யாருக்குப் போத்த?"

மூவரும் ஒன்றாக எழுந்து தோளைக் காட்டினார்கள்.

"நல்லதாப் போச்சு, நீளமான துணிதான்" என்று மூவரையும் சேர்த்தே போர்த்திவிட்டாள். "போட்டோவை ஏரிக்குள்ள நின்னு எடுத்துக்கிடுவோம். ஆளுக்கொரு அரிவா நான் கொண்டாரேன்."

கலெக்டரின் டீயில் இன்னும் ஆவி பறந்தது.