ரெஃப்ரீ இல்லாத மைதானம்

இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு அறுபத்தொன்று. மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், நடந்தது அப்படித்தான்.

குருவின் பெயர் அலினாஃபே. மலாவி நாட்டில், ஏரிக்கரையில் உள்ள ஒரு மீனவ ஊரில் பிள்ளைகளுக்காகச் சின்ன அறக்கட்டளை ஒன்றை நடத்தி வந்தார். சொத்து என்று பார்த்தால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு கரும்பலகை, நாலு பந்து. மைதானம் ஊருக்குச் சொந்தம். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் தொண்ணூறு பிள்ளைகள் ஓடி வருவார்கள். கொட்டகையில் ஒரு மணி நேரம் படிப்பு, அப்புறம் மைதானத்தில் கால்பந்து. படிக்க வராதவருக்குப் பந்து கிடையாது. பந்துக்கு ஆசைப்பட்டு வந்து, படிப்பில் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் அங்கே நிறையப் பேர்.

சீடர் பூவலிங்கம், கோவில்பட்டிக்காரர். முப்பத்திரண்டு வருடம் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மலாவியில் வேலை பார்க்கும் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கலாம் என்று வந்தார். மூன்றாவது வாரமே வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அலினாஃபே முன்னால் வந்து நின்றார்.

"நான் பிள்ளைங்களோடயே கிடந்த ஆளு. எதாவது வேலை குடுங்க. நீங்க நடத்துற விதத்தையும் கத்துக்கிடுதேன்."

"கத்துக்கவா வந்தீங்க, பாம்போ?"

பாம்போ என்பது அந்த ஊரில் வயதில் பெரிய ஆண்களை மரியாதையாக அழைக்கும் சொல்.

"ஆமா, கோச்."

"அப்போ உட்காருங்க. பாருங்க."

இரண்டு பேரும் பேசிக்கொண்டது இங்கிலீஷில்தான். அவருடைய இங்கிலீஷில் கோவில்பட்டி வாடை அடிக்கும், இவருடையதில் ஏரிக்கரை வாடை. நான் எனக்குத் தெரிந்த தமிழில் சொல்கிறேன்.

முதல் நாள் சாயங்காலம் பதினாலு பிள்ளைகள் மைதானத்தின் நடுவில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அணிக்கு ஏழு பேர், ஆணும் பெண்ணும் கலந்து. அன்றைய ஆட்டத்துக்கு என்னென்ன விதி என்று அவர்களே பேசி, கத்தி, ஒருவழியாக முடிவுக்கு வந்தார்கள். முதல் கோலைப் பெண்பிள்ளைதான் போட வேண்டும். தள்ளிவிட்டவரே விழுந்தவரைத் தூக்கிவிட வேண்டும். அதைக் கரும்பலகையில் எழுதுவது டியமிக்கே என்ற பத்து வயதுப் பெண்ணின் முறை. அவள் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி எழுதினாள். ஓர் எழுத்து திரும்பி நின்றது. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். பதிமூன்று பேரும் காத்திருந்தார்கள்.

பூவலிங்கம் நாலு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கோச், இருட்டுறதுக்குள்ள ஆட்டம் நடக்குமா?"

"நடக்கும்."

"நான் எழுதிக் குடுத்தா ஒரு நிமிஷ வேலை."

"அப்போ அது உங்க விதி ஆயிடுமே."

ஆட்டம் தொடங்கியது. பூவலிங்கம் மைதானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடினார்.

"ரெஃப்ரீ எங்க?"

"கிடையாது."

"இன்னைக்கு வரலையா?"

"என்னைக்குமே கிடையாது."

"ஃபவுல் பண்ணினா?"

"பண்ணினவங்க கையைத் தூக்குவாங்க."

பூவலிங்கம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "எங்க ஊர்ல ஒருத்தன் அடுத்தவன் பல்லை உடைச்சான். உடைஞ்ச பல்லைக் கையில வச்சுக்கிட்டே, 'நான் தொடவே இல்ல சார்'னு சொன்னான்."

அவர் சிரித்து முடிக்கும் முன்பே யாங்கோ என்ற பையன் ஒரு பெண்ணின் காலை இடறிவிட்டான். நின்றான். கையைத் தூக்கினான். அவளைத் தூக்கிவிட்டு, பந்தையும் கொடுத்துவிட்டு ஓடினான். ஆட்டம் தொடர்ந்தது.

"நீங்க இங்க நிக்கிறதால தூக்குதான்" என்றார் பூவலிங்கம்.

"இருக்கலாம்" என்றார் அலினாஃபே.

இப்படியே ஒரு மாதம் போனது. பூவலிங்கம் பந்துக்குக் காற்றடித்தார், வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார், பிள்ளைகளிடமிருந்து ஊர் மொழியில் பத்துப் பன்னிரண்டு வார்த்தைகளும் கற்றுக்கொண்டார். ஆனால் ரெஃப்ரீ இல்லாத ஆட்டம் மட்டும் அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாகவே இருந்தது.

அப்போதுதான் மைதானத்துக்கே ஆபத்து வந்தது. ஓர் ஆட்டம் முடிந்த பிறகு, வேடிக்கை பார்க்க வந்த இரண்டு அப்பாக்கள் ஒரு கோலை வைத்துச் சண்டை போட்டார்கள். துடுப்பால் அடித்ததில் ஒருவர் மண்டை உடைந்தது. ஊர்த்தலைவர் அலினாஃபேயைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொரு சண்டை நடந்தா, மழை வந்ததும் மைதானத்தைக் கொத்திச் சோளம் போட்டுடுவேன். சோளம் சண்டை போடாது."

சனிக்கிழமை ஏரிக்கரைத் தெருவுக்கும் மேட்டுத் தெருவுக்கும் ஆட்டம். இரண்டு தெருவும் திரண்டு வரும். ஊர்த்தலைவரும் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

வியாழக்கிழமை பூவலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"கோச், இந்த ஒரு நாளைக்கு ரெஃப்ரீ வச்சிருவோம். பிள்ளைங்க கையைத் தூக்கும். அப்பன்மாரு தூக்க மாட்டாங்க. தொண்ணூறு பிள்ளைங்க விளையாடுற இடம், போயிரும்."

அலினாஃபே பந்துக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒட்டிய இடத்தை விரலால் அழுத்தினார்.

"யார் ரெஃப்ரீ?"

பூவலிங்கம் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தார். "ஊர்ல விட்டுட்டு வர மனசு வரல."

"சரி. நீங்களே ஊதுங்க."

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று அவர் நினைக்கவில்லை. "எனக்கு எதாச்சும் சொல்லணுமா?"

"தண்ணி குடிச்சுட்டு வாங்க. வெயில் அதிகம்."

சனிக்கிழமை பூவலிங்கம் தேய்த்த வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பேண்டும் வெள்ளை ஷூவுமாக வந்தார். மைதானத்தைச் சுற்றி இரண்டு தெரு ஜனமும் நெருக்கியடித்து நின்றது. ஊர்த்தலைவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அலினாஃபே ஓரமாக ஒரு கூடை வறுத்த நிலக்கடலையோடு உட்கார்ந்து, உரித்து உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் வழக்கம்போல வட்டமாக உட்கார்ந்தார்கள். "ரெஃப்ரீ இருக்காரே, விதி எதுக்கு?" என்றான் யாங்கோ. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நேரம் மிச்சம் என்று பூவலிங்கத்துக்குச் சந்தோஷம்.

முதல் பத்து நிமிடம் ஆட்டம் கன கச்சிதமாக நடந்தது. பிறகு யாங்கோ ஒருவனைத் தள்ளிவிட்டான். பழக்கத்தில் கை பாதி உயர்ந்தது. பூவலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தான். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கை இறங்கிவிட்டது.

அதைப் பதிமூன்று பேரும் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை என்ன சொல்ல! சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். தொடாமலே விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு புரண்டார்கள். ஒரு பொடியன் அழுது காட்டியதில் அவன் அம்மாவே நம்பி ஓடி வந்தாள். பூவலிங்கம் ஊதினார், ஓடினார், ஊதினார். ஓட மூச்சு வேண்டும், ஊதவும் மூச்சு வேண்டும், அவரிடம் ஒன்றுக்குத்தான் இருந்தது. ஒவ்வொரு ஊதலுக்கும் பாதி ஊர் கைதட்டியது, மீதி ஊர் அவரைத் திட்டியது. என்ன திட்டுகிறார்கள் என்று புரியாதது ஒன்றுதான் அவருக்குக் கிடைத்த புண்ணியம்.

இரண்டுக்கு இரண்டு. கடைசி ஐந்து நிமிடம். மேட்டுத் தெருப் பெண் ஒருத்தி ஓங்கி அடித்த பந்து ஏரிக்கரைத் தெரு கோலுக்குப் போனது. கோல் காப்பது டியமிக்கே. புழுதி எழுந்தது. புழுதி அடங்கியபோது பந்து அவள் நெஞ்சில் இருந்தது, அவள் கோட்டின் மேல் கிடந்தாள்.

"கோல்!" என்றது மேட்டுத் தெரு.

"இல்லை!" என்றது ஏரிக்கரைத் தெரு.

ஆட்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். ஒருவர் கையில் கம்பு இருந்தது. ஊர்த்தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தார். எல்லோரும் பூவலிங்கத்தைப் பார்த்தார்கள்.

பூவலிங்கம் நடு மைதானத்தில் முழங்காலில் கைகளை ஊன்றி, குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பந்தை அவர் பார்க்கவே இல்லை.

அலினாஃபேயைப் பார்த்தார். அலினாஃபேயும் அவரைப் பார்த்தார். இடத்தை விட்டு அசையவில்லை. கடலை மட்டும் உரிந்துகொண்டிருந்தது.

விசில் வாய்க்குப் போனது. எந்தப் பக்கம் ஊதினாலும் சண்டை. அவர் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"நான் பாக்கல" என்றார், தனக்குத் தெரிந்த அந்தப் பன்னிரண்டு வார்த்தைகளில் நாலைப் பொறுக்கி. "நான் பாக்கல. தப்பு என்னோடது."

சொல்லிவிட்டு வெள்ளைப் பேண்டோடு புழுதியில் உட்கார்ந்துவிட்டார். ஓடிய களைப்பில்தான் உட்கார்ந்தார். ஆனால் நடு மைதானத்தில் ஒருவர் உட்கார்ந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரே அர்த்தம்தான். யாங்கோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அடுத்தவள் வந்தாள். பதினாலு பேரும் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். கம்போடு வந்தவர் யாரோடு சண்டை போடுவது என்று தெரியாமல் நின்றுவிட்டார்.

டியமிக்கே கையைத் தூக்கினாள்.

"பந்து உள்ளே போச்சு. இவ்வளவு." விரலால் அளந்து காட்டினாள். "நான் வெளியே இழுத்துட்டேன்."

ஏரிக்கரைத் தெருவில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். யாங்கோவின் கையும் எழுந்தது.

"முதல்ல ஒருத்தனைத் தள்ளினேன். அவர் பாக்கல. அப்புறம் ரெண்டு தடவை. அதையும் பாக்கல."

"நான் பொய்யா விழுந்தேன்" என்றாள் ஒருத்தி.

"நான் மூணு தடவை பொய்யா விழுந்தேன்" என்றான் அழுது காட்டிய பொடியன். அவன் அம்மா அவன் காதைத் தேடி வந்தாள்.

"போன மாசம் லிம்பானியோட மாம்பழத்தை நான்தான் தின்னேன்" என்றான் இன்னொருவன்.

அதற்கும் ஆட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் ஊரே சிரித்துவிட்டது. லிம்பானி மட்டும் சிரிக்கவில்லை.

அப்போது எல்லோர் தலைக்கும் மேலே இன்னொரு கை எழுந்தது. ஊர்த்தலைவருடைய கை.

"பந்து உள்ளே போனதை நானும் பார்த்தேன்" என்றார். "ஏரிக்கரைத் தெரு என் சொந்தத் தெரு. அதனால வாயைத் திறக்கல."

மேட்டுத் தெருக்காரர்கள் போட்ட சத்தத்தில் ஏரியில் நின்ற கொக்கெல்லாம் பறந்தது. கம்பு வைத்திருந்தவர் கம்பைத் தரையில் தட்டித் தாளம் போட்டார். மீதி ஐந்து நிமிடத்தையும் பிள்ளைகள் விசில் இல்லாமலே ஆடி முடித்தார்கள். மேட்டுத் தெரு மூன்றுக்கு இரண்டில் ஜெயித்தது. தோற்றவர்கள்தான் ஜெயித்தவர்களுக்குப் பாட வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஏரிக்கரைத் தெரு பாடியது, இரண்டு தெருவும் ஆடியது. இடுப்பை அசைக்கத் தெரியாத பூவலிங்கத்தையும் இழுத்து நடுவில் விட்டார்கள். அவர் கவாத்து மாதிரி கையைக் காலை ஆட்டியதைப் பார்த்துக் கிழவிகள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

ஊர்த்தலைவர் கிளம்பும்போது அலினாஃபேயிடம் சொன்னார்: "சோளத்துக்கு நான் வேற இடம் பாத்துக்கறேன்."

கூட்டம் கலைந்த பிறகு பூவலிங்கம் அலினாஃபே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டையில் வெள்ளையே இல்லை. மனசில் சந்தோஷமும் கோபமும் கலந்து கிடந்தது.

"கோச், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நான் விசிலை எடுத்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"பிள்ளைங்க உங்க கண்ணைத்தான் பாப்பாங்கன்னு தெரியும்."

"பிறகு ஏன் விட்டீங்க? மைதானம் போயிருக்குமே. நடுவுல உங்களைப் பாக்குதேன், நீங்க நிம்மதியாக் கடலை தின்னுக்கிட்டு இருக்கீங்க!"

"நிம்மதியாவா?" அலினாஃபே கூடையைக் கவிழ்த்துக் காட்டினார். தொலிதான் விழுந்தது. "பயத்துல ஒரு கூடையும் தின்னு தீர்த்துட்டேன், பாம்போ. வயிறு வலிக்குது."

பூவலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டார்.

"அவ்வளவு பயந்தவங்க எந்திரிச்சு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? நான் கையைத் தூக்குவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"தெரியாமலா உக்காந்திருந்தீங்க?"

"இந்தப் பிள்ளைங்க தூக்குவாங்களான்னும் எனக்கு ஒருநாளும் தெரிஞ்சதில்ல" என்றார் அலினாஃபே. "தெரிஞ்ச பிறகு நம்பலாம்னு இருந்தா, இந்த மைதானத்துல இன்னும் ஒரு பந்துகூட உருண்டிருக்காது, பாம்போ."